ஃபாதருக்கு நான் குரல் கொடுத்த ஞாயிறு

இனிமேல் ஞாயிற்றுக்கிழமை காலையில் லேப்டாப் இருக்கும் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று தீர்மானித்தேன். தலைவைத்துப் படுக்க எனக்குத் தலையணை இருக்கிறது. நேரம்தான் இல்லை.

ஈக்காட்டுத்தாங்கலில் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில் ஸ்டோர்ஸ் பார்ப்பவன் நான். வாரத்தில் ஆறு நாள் நின்றுகொண்டே வேலை. ஏழாவது நாளாவது படுக்கலாம் என்று பார்த்தால், அன்றைக்குத்தான் என் மனைவி ஜெசிந்தாவின் குடும்பம் மொத்தமும் என் வீட்டுக்கு வந்துவிடும். கதவு வழியாக வந்தால் பூட்டிவிடலாம். இவர்கள் லேப்டாப் வழியாக வருகிறவர்கள்.

காரணம் என் மாமனார் ஆண்டனி. ஒரு காலத்தில் பட்டினப்பாக்கத்தில் மீன் வியாபாரம். இப்போது வேளச்சேரியில் கீழ்த்தளத்தில் தனியாக இருக்கிறார். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்ட பிறகு அவரால் கோயிலுக்குப் போக முடியவில்லை. எங்கள் மயிலாப்பூர்ப் பங்குக் கோயிலில் ஞாயிறு பூசையை நேரலையாகப் போடுகிறார்கள். அவரவர் வீட்டில் அவரவர் பார்த்துக்கொள்ளலாம். நானும் அப்படித்தான் சொன்னேன்.

"தனித்தனியா பாத்தா அது டிவிங்க. எல்லாரும் ஒண்ணா பாத்தாதான் பூசை" என்றாள் ஜெசிந்தா.

ஆகவே ஒரு வீடியோ மீட்டிங். வேளச்சேரியில் மாமனார், குவைத்தில் ஜெசிந்தாவின் அக்கா எஸ்தர், இன்னும் சித்தப்பா, அத்தை, அவர்கள் பெற்றது எல்லாம். நேரலைப் பூசையை அந்த மீட்டிங்குக்குள் கொண்டுவந்து எல்லோருக்கும் காட்டுவது என் வேலை. திரையைப் பகிர வேண்டும். சத்தமும் போக வேண்டுமென்றால் திரையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் டிக் போட வேண்டும். யாராவது மைக்கைத் திறந்து வைத்திருந்தால் ஓடிப்போய் மூட வேண்டும். ஒரு வாரம் அசந்துவிட்டேன். எல்லோரும் கண்ணை மூடி மண்டியிட்டிருந்த நேரத்தில், "ஏங்க, மட்டனை எடுத்து வெளிய வெச்சீங்களா?" என்று குவைத்திலிருந்து எஸ்தர் கேட்டாள். மாமனார் பயபக்தியோடு "ஆமென்" என்றார்.

மீட்டிங்கில் எனக்கு 'ஹோஸ்ட்' என்று பட்டம். எல்லோரையும் மியூட் பண்ணும் அதிகாரம் எனக்கு. என்னை மியூட் பண்ணும் அதிகாரம் ஜெசிந்தாவுக்கு.

இது போதாதென்று, "மழைக்கு முன்னாடி அப்பாவை இங்க கூட்டிட்டு வந்துடலாங்க. போன வருஷம் முழங்கால் தண்ணியில நின்னாரு" என்று வேறு கொஞ்ச நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் இருப்பதே இரண்டு அறை. நான் "பாக்கலாம்" என்று சொல்லிப் பார்க்காமலே இருந்தேன்.

சனிக்கிழமை காலை மாடிப்படியில் மேல்வீட்டுக் கஸ்தூரிரங்கனிடம் அழாத குறையாகச் சொன்னேன்.

"நீர் ஏன் ஓய் அதை நன்னா பண்றீர்?" என்றார் அவர்.

"நல்லா பண்ணாம?"

"எதை நன்னா பண்றோமோ அது நம்ம தலையிலயே விழும். எங்காத்துல என்னைக் காபி போடச் சொன்னா. கழுநீர் மாதிரி ஒண்ணு போட்டேன். அப்புறம் இன்னிவரைக்கும் அடுப்பு பக்கமே விடறதில்லை. சொதப்பும் ஓய்!"

சொதப்பல்! வீட்டில் இத்தனை வருஷமாக இலவசமாகச் செய்துகொண்டிருந்தேன். அதற்கு இப்படி ஒரு பயன் இருப்பது தெரியாமல் போயிற்று.

பூசை நடுவில் கைவைக்க எனக்கும் பயம்தான். எனவே பிரசங்கத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஞாயிறு காலை ஃபாதர் மைக்கின் முன் வந்து நின்றதும், அந்த டிக்கைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டேன். சத்தமும் இல்லாமல் போயிற்று. ஃபாதர் கையை நீட்டினார், வாயைத் திறந்தார், மூடினார்.

"இன்னா மாப்ள, படம் கீது, சத்தம் வர்ல?" என்றார் மாமனார்.

"கம்ப்யூட்டர் கோளாறு மாமா. சரியாகாது போலருக்கு" என்றேன், துக்க வீட்டுக் குரலில்.

"அப்ப நான் என் ஃபோன்லயே பாத்துக்கறேன்" என்றாள் எஸ்தர். என் காதில் தேன்.

சமையலறையிலிருந்து ஜெசிந்தா கையைத் துடைத்தபடி வந்தாள். "யாரும் போகாதீங்க. அப்பாவுக்கு ஃபோன்ல தேடிப் பாக்கத் தெரியாது. இவரு இத்தனை வாரமா உக்காந்து கேக்கறாரு இல்ல? இவரே பிரசங்கம் சொல்லட்டும்."

"நானா? இரு, டிக் போட்டா சத்தம் வந்துடும்."

"கோளாறுன்னீங்களே. தொட்டா படமும் போயிடும்." லேப்டாப்பைத் தூக்கி ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள். கேமரா நேராக என் முகத்துக்கு. "எழுந்து நில்லுங்க. ஃபாதர் வாய் அசையற வரைக்கும் பேசுங்க."

எங்கள் ஃபாதரின் பிரசங்கம் ஊரறிந்தது. அவர் ஆரம்பிக்கும்போது கடைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தாலும் முன்னுரையில்தான் இருப்பார்.

பனியனும் லுங்கியுமாக நின்றேன். என்ன பேசுவது? மனதில் இருந்தது ஒன்றே ஒன்று.

"கடவுள் ஆறு நாள் வேலை செஞ்சாரு" என்றேன். "ஏழாவது நாள் ஓய்வெடுத்தாரு. லேப்டாப்பைத் தொடல."

"நல்லாச் சொல்றாரு" என்றது சித்தப்பா குரல்.

பாராட்டு என்றால் எனக்கு உள்ளுக்குள் ஏதோ ஆகிவிடுகிறது. வீட்டில் கிடைக்காத பொருள். குரலை ஏற்றினேன். உழைத்துக் களைத்த மனிதனைப் பற்றிப் பேசினேன். அவன் முதுகைப் பற்றி, கால் வீக்கத்தைப் பற்றி, அவனை ஒருவரும் 'போய்ப் படுப்பா' என்று சொல்லாததைப் பற்றிப் பேசினேன். என் கண்ணே கலங்கியது. எஸ்தர் மூக்கை உறிஞ்சினாள். மாமனார் துண்டால் முகத்தைத் துடைத்தார். ஃபாதர் இன்னும் முடிக்கவில்லை. எனக்குத் தொண்டை வறண்டது, நின்று நின்று கால் கடுத்தது, விஷயமும் தீர்ந்துவிட்டது.

"ஏங்க," என்றாள் ஜெசிந்தா மெதுவாக, "காலமெல்லாம் உழைச்ச மனுஷன் வயசான காலத்துல எங்கங்க ஓய்வெடுக்கணும்?"

தவித்தவனுக்குத் தண்ணீர் கொடுத்தது போலிருந்தது. கையை உயர்த்தி முழங்கினேன்: "பெத்த பொண்ணு வீட்டுல!"

எல்லோருடைய மைக்கும் ஒரே நேரத்தில் திறந்துகொண்டது. குவைத்தில் கைதட்டல். மாமனார் விம்மினார். "மாப்ள, நீ எனக்கு மாப்ள இல்ல, நைனா. புள்ள!"

அந்த வார்த்தைக்கப்புறம் நான் எந்த வாயை வைத்துக்கொண்டு மறுப்பது?

சாயங்காலம் வேளச்சேரியிலிருந்து வேன் வந்தது. கட்டில், வாக்கர், மாதா படம், மாமனார் என்று வரிசையாக இறங்கின. என் அறைக்குள் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தின. நான் மட்டும் பொருந்தவில்லை. ஹாலில் எனக்குப் பாய். மாமனார் என் தலையணையில் சாய்ந்து, குழந்தை மாதிரி தூங்கிப்போனார். அந்த முகத்தைப் பார்த்தபோது கோபப்படக்கூடத் தெம்பில்லை.

"ஞாயித்துக்கிழமையில உடனே எப்படி வேன் கிடைச்சுது?" என்று ஜெசிந்தாவைக் கேட்டேன்.

"நேத்தே சொல்லி வெச்சுட்டேன்."

"நேத்தா? சத்தம் நிக்கும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்களும் மேல்வீட்டு மாமாவும் மாடிப்படியில பேசுனா தெருமுனை வரைக்கும் கேக்கும்."

"சரி, அது போகட்டும். பொண்ணு வீட்டுலன்னு நான் என் வாயால சொல்லுவேன்னு எப்படித் தெரியும்?"

அவள் பாயை உதறி விரித்தாள்.

"பூசையில ரொம்ப நேரம் நிக்க வெச்சா, நீங்க எதுக்கும் சரின்னு சொல்லிடுவீங்க. நம்ம கல்யாணத்துலயே பாத்தேனே!"