வாசலில் வைத்த களாச்செடி

நான் தாவரவியல் படித்தவன். அதனால் எனக்குச் செடி தெரியும், வாசல் தெரியாது.

ஓய்வு பெற்றதும், வாசலுக்கு வாசல் அயல்நாட்டுக் குரோட்டன்ஸ் வளர்க்கும் போடிநாயக்கனூருக்குப் பாடம் புகட்டக் கிளம்பினேன். போடிமெட்டு அடிவாரத்திலிருந்து களாக் கன்றுகளைக் கொண்டுவந்து கேட்டின் இருபுறமும் நட்டேன். மண்ணுக்குரிய செடி, வெள்ளைப் பூ, குருவிக்குப் பழம். (முள்? அது சின்ன விஷயம் என்றேன்.)

"தோட்டத்து வேலிக்கு வைக்கிறதை வாசல்ல வைக்கிறீகளே!" என்றாள் மனைவி. அறிவியல் தெரியாதவள் என்று சிரித்துக்கொண்டேன்.

செடி ஆள் உயரம் வளர்ந்தபோது, ராசிங்காபுரத்திலிருந்து மகள் கயலைப் பெண் பார்க்க வந்தார்கள். மதுரையில் அவளோடு வேலை பார்க்கும் பையன். அவளே விரும்பிய மாப்பிள்ளை. பையனின் அம்மாவுக்கு அரை மனசுதான். வேண்டாமென்று சொல்ல ஒரு சாக்கு மட்டும் பாக்கி. அதை நான் உரம் போட்டு வளர்த்து வைத்திருந்தேன்.

"கிளையைக் கொஞ்சம் கழிச்சு விடுங்க" என்று முந்தின நாளே மனைவி கெஞ்சினாள். கொண்டைக்குருவி கூடு கட்டியிருந்ததால் மறுத்துவிட்டேன்.

ஜீப்பிலிருந்து இறங்கி கேட்டுக்குள் நுழைந்த பையனின் அம்மாவின் பட்டுச்சேலையைக் களா இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டது. நான் ஓடிப்போய்க் கிளையைத் தாங்கினேன்.

"அசையாதீங்க சம்பந்தியம்மா! கூட்டுல முட்டை இருக்கு!" (இன்னும் சம்பந்தமே ஆகவில்லை.)

"என் சேலை கிழியுது, இவருக்கு முட்டை பெருசாப் போச்சு!"

பையனின் தாய்மாமன் சும்மா இருப்பாரா? "பாதையில முள்ளு வெட்டிப் போட்டா உள்ள வராதேன்னு அர்த்தம். இவுக வளர்த்தே வச்சிருக்காக. ஜீப்பைத் திருப்பு மாப்ளே."

அப்போது கயல் அரிவாளோடு வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. கூடு இருந்த கிளையை விட்டுவிட்டு, சேலையைப் பிடித்திருந்த கிளைகளை வெட்டினாள்.

"உள்ள வாங்க அத்தே. எங்கப்பாவுக்கு இதுதான் மூத்த பிள்ளை. நான் ரெண்டாவதுதான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அப்போதும் என் பக்கம் திரும்பவில்லை. இன்றும் அதை நினைத்தால் சோறு இறங்காது.

அந்த அம்மா அவளையே பார்த்தார். பிறகு கிழிந்த முந்தானையைச் சுருட்டிக்கொண்டு, "உன் அண்ணனை அடக்கி வை ஆத்தா" என்று உள்ளே வந்தார்.

குஞ்சுகள் பறந்ததும் செடிகளைக் கொல்லைப்புறத்துக்கு மாற்றினேன். வாசலில் இப்போது குரோட்டன்ஸ்தான். ஆனாலும் சம்பந்தியம்மா எப்போது வந்தாலும் தெருவிலேயே நின்று, ஊரே கேட்கக் கூப்பிடுகிறார்:

"அண்ணே, மூத்த பிள்ளையைப் பிடிச்சுக் கட்டுங்க, நான் உள்ள வர்றேன்!"

போகும்போது மட்டும், மூத்த பிள்ளை காய்த்த களாக்காய் ஊறுகாயை ஜாடியோடு கொண்டுபோகிறார்.