பூ வைக்காத மாடுகள்

பிளானோ, டெக்சாஸ்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு, கருப்பசாமி கும்பிட்டு எழுதுவது. இங்கே மகள் தீக்ஷாவும் மருமகன் மாதவும் சுகம். நானும் மூன்று வேளை மாத்திரை விழுங்குகிற அளவுக்குச் சுகம். தொழுவத்தில் எல்லாம் சுகமா என்று கேட்கத்தான் கூச்சமாக இருக்கிறது. உங்கள் தங்கை எழிலரசி போனபின் அந்த மாடுகள் முகத்தில் முழிக்க எனக்குத் தெம்பில்லை. போனில் சொன்னதையே எழுத்திலும் சொல்கிறேன்: நல்ல ஆளாகப் பார்த்து விற்றுவிடுங்கள். நான் இங்கேயே இருந்துவிடுகிறேன்.

போன மாதம் மாதவுக்கு ஆஸ்திரியாவில் மீட்டிங். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து டோல்வே என்கிற சுங்கச் சாலையில் போகிற வண்டிகளையே பார்த்துக்கொண்டிருப்பது பொறுக்காமல் என்னையும் ஆல்ப்ஸ் மலைக்கு இழுத்துப் போனார்கள். கோடை முழுக்க மலைமேல் மேய்ந்த மாடுகளைப் புரட்டாசி வாக்கில் அலங்கரித்து ஊருக்குள் இறக்கி வருவது அங்கே திருவிழா, மச்சான். தலையில் பூக்கிரீடம், கழுத்தில் குடம் பெரிசுக்கு மணி. மாட்டுப் பொங்கலன்று எழிலரசி கொம்புக்கு வர்ணம் அடித்துவிட்டு என் புது வேட்டியில் கையைத் துடைப்பாளே, அது ஞாபகம் வந்து கண் நிறைந்துவிட்டது. நடுத்தெருவில் நின்று ஒவ்வொரு மாட்டையும் தொட்டுக் கும்பிட்டேன். மாதவ் என்னைத் தெரியாதவர் போலத் தள்ளி நின்றுகொண்டார்.

கடைசியாக ஒரு மந்தை வந்தது. ஒரு பூ இல்லை, மணி இல்லை, பின்னால் தலைகுனிந்தபடி ஒரு பெரியவர். எனக்கு ஆத்திரமான ஆத்திரம். வருஷத்தில் ஒருநாள் மாட்டுக்கு ஒரு முழம் பூ போட மனசு வராத கஞ்சன் என்று திட்டிக்கொண்டே, அவை எங்கள் விடுதி வாசல் தொட்டியில் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள், ஜன்னல் செடியில் இருந்த சிவப்புப் பூவையெல்லாம் பறித்து, மாதவ் பல்லிடுக்கு சுத்தம் பண்ணுகிற நூலில் கட்டி, முன்மாட்டின் கழுத்தில் போட்டே விட்டேன். பொங்கலோ பொங்கல் என்று குரல் வேறு கொடுத்தேன்.

விடுதிக்கார அம்மா ஓடிவந்து தீக்ஷாவிடம் ஏதோ சொன்னாள். தீக்ஷா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, வீட்ல துக்கம் நடந்த வருஷம் இவங்க மாட்டுக்குப் பூ வைக்க மாட்டாங்களாம். அவரோட ஒய்ஃப் ஜூலைல தவறிட்டாங்களாம்."

நம் வீட்டிலும் வருஷம் திரும்பாமல் பண்டிகை இல்லை என்று இருக்கிறவன் நான், அந்த மனுஷனைப் போய்த் திட்டியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்கப் பாஷை இல்லை. போனில் எழிலரசி படத்தைக் காட்டிக் கைகூப்பினேன். அவர் ரொம்ப நேரம் படத்தைப் பார்த்தார். பிறகு மாலையைக் கழற்றி, கசக்காமல் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு, மாட்டின் முதுகைத் தட்டி நடந்தார்.

மாட்டைக் கண்டாலே இப்படி மானம் போகிறவனுக்குத் தொழுவம் எதற்கு? ஆகவே விற்றுவிடுங்கள். அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
கருப்பசாமி

பி.கு: எழுதி முடித்தும் தூக்கம் வரவில்லை, மச்சான். பூ இல்லாவிட்டாலும் அவர் தன் மாடுகளைத் தானேதான் வீட்டுக்கு ஓட்டிப் போனார். ஒன்றையும் விற்காதீர்கள். தீக்ஷாவை டிக்கெட் போடச் சொல்லிவிட்டேன். வருகிற பொங்கலுக்கு நம் மாடுகளுக்குப் பூ கிடையாது, நான் மட்டும் பக்கத்தில் இருப்பேன். அதற்கடுத்த பொங்கலுக்கு மாலை என் கையால்தான். அந்தப் பல் நூல் நன்றாகத் தாங்குகிறது, எடுத்து வருகிறேன்.