மூன்று மணிக்கு லைனை அறுத்தது யார்?

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்ல இப்போது எனக்குக் கூச்சமில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வீரனாக நடித்து யாரை ஏமாற்றப் போகிறேன்? நாய்க்குப் பயம், ஊசிக்குப் பயம், தாப்பாவிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு ஏறும் மலைப்பாதையில் வளைவு திரும்பியதும் எதிரே வந்து நிற்கும் காய்கறி லோரிக்குப் பயம். இவை எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தாலும், துரையிடம் எனக்கிருந்த பயத்தில் கால்வாசிக்குக்கூட வராது.

துரை என்றதும் வெள்ளைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். வெள்ளைக்காரர்கள் எங்கள் தேயிலைத் தோட்டத்தை விட்டுப் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. இவர் ஈப்போ பக்கத்துத் தமிழர். ஆனால் மேனேஜர் நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் மலையில் அவர் துரைதான். எங்கள் துரை சத்தம் போடவே மாட்டார். மெதுவாகத்தான் பேசுவார். (சத்தம் போடுகிறவர்களிடம் எனக்கு அவ்வளவு பயம் கிடையாது. எப்போது ஓடலாம் என்று அவர்களே அறிவித்துவிடுகிறார்கள்.)

எண்பதுகளின் பிற்பாதி. எனக்கு இருபது வயது. ஆபீசில் சின்னக் கிராணி, அதாவது கடைசி குமாஸ்தா. கோலாலம்பூர் தலைமை ஆபீஸ் எங்களுக்கு ஒரு கம்ப்யூட்டரையும், அதை டெலிபோனோடு இணைக்கும் மோடம் என்ற தட்டையான பெட்டியையும் அனுப்பிவைத்தது. தினமும் மூன்று மணிக்கு அன்றைய கொழுந்து எவ்வளவு என்ற விவரத்தை டெலிபோன் வழியாகவே அனுப்ப வேண்டும். மோடம் முதலில் கீச்சிடும், பிறகு இரைந்து மூச்சு வாங்கும், பத்து நிமிடத்தில் எல்லாம் போய்ச் சேர்ந்துவிடும். டைப் அடிக்கத் தெரியும் என்ற ஒரே குற்றத்துக்காக அதை என் தலையில் கட்டினார்கள்.

ஒரு சிக்கல் இருந்தது. மலைக்கு வெளியே போகும் லைன் ஒன்றே ஒன்று. தோட்டத்தில் இருந்த பத்து போன்களும் ஆபீஸ் சுவரோரம் இருந்த ஒரு மரப்பெட்டி வழியாக அந்த ஒற்றை லைனில்தான் தொங்கின. யார் போனை எடுத்தாலும், அதன் வயர் சொருகியிருந்த ஓட்டையின் எண்ணுக்கு மேலே பெட்டியில் சின்ன விளக்கு எரியும். கம்ப்யூட்டர் அனுப்பிக்கொண்டிருக்கும்போது யாராவது போனை எடுத்தால் போச்சு. லைன் அறுந்துவிடும், அனுப்பியது பாதியில் நின்றுவிடும்.

மூன்று மணிக்கு யாரும் போனைத் தொடக்கூடாது என்று துரை சுற்றறிக்கை விட்டார். அப்படியும் வாரத்தில் நான்கு நாள் லைன் அறுந்தது. கோலா தெர்லா காய்கறித் தோட்டங்களிலிருந்து வரும் முட்டைக்கோஸ் லோரி டெலிபோன் கம்பத்தை இடித்திருக்கும் என்று முதலில் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். எந்த லோரியும் தினமும் மூன்று மணிக்குத் தவறாமல் கம்பத்தை இடிக்காது என்று துரை மெதுவாகச் சொன்னார்.

இன்னொரு விஷயம் எனக்கு வியப்பாக இருந்தது. லைன் அறுந்த ஒரு நிமிடத்துக்குள் பங்களாவிலிருந்து துரை கூப்பிடுவார்.

“அறுந்துடுச்சா?”

“ஆமா துரை.”

நான் சொல்வதற்கு முன்பே அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நான் ஒருநாள்கூட யோசிக்கவில்லை. துரைக்கு எல்லாம் தெரியும் என்று பயபக்தியோடு நம்பினேன்.

ஒரு திங்கட்கிழமை என்னை உள்ளே கூப்பிட்டார். தலைமை ஆபீஸ் கடிதம் ஒன்று அவர் மேசையில் கிடந்தது.

“எவனோ வேணும்னே செய்யறான். நீ பெட்டிக்கு முன்னாடி உக்காரு. மூணு மணிக்கு எந்த விளக்கு எரியுதுன்னு எழுது. யாருகிட்டயும் கேக்காத, யாருக்கும் சொல்லாத. பேரு மட்டும் குடு. ஆள நான் மலைய விட்டு எறக்கிடுறேன்.”

மலையை விட்டு இறக்குவது என்றால் வேலை மட்டும் போவதில்லை. குடியிருக்கும் வீடும் தோட்டத்துக்குச் சொந்தம். சீட்டுக் கிழிந்தால் அடுப்பைப் பிடுங்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

நான் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு ஓர் ஏடு தயாரித்தேன். பெட்டிப் பலகையின் பக்கத்தில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது: ஒன்று துரை பங்களா, மூன்று தேயிலை ஆலை, ஐந்து கீழ் டிவிஷன், ஏழு ஆஸ்பத்திரி, இப்படிப் பத்து வரை. தினமும் மூன்று மணிக்கு ஒரு கண் மோடத்தில், ஒரு கண் விளக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். (அந்த மூன்று வாரத்தில் எனக்கு மாறுகண் வராதது ஆண்டவன் புண்ணியம்.)

முதல் வாரம் மூன்றாம் விளக்கு எரிந்தது. இரண்டாம் வாரம் ஏழாம் விளக்கு. மூன்றாம் வாரம் ஐந்து. ஆலையில் தேயிலையைப் பதப்படுத்தும் டீமேக்கர், ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்ளும் டிரஸ்ஸர், கீழ் டிவிஷன் கண்டக்டர், மூன்று பேரும் முறை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரைக் கவிழ்க்கிறார்கள்! (கண்டக்டர் என்றால் பஸ் கண்டக்டர் இல்லை. மலையில் கொழுந்தெடுப்பவர்களை மேய்க்கும் அதிகாரி.) இவ்வளவு பெரிய சதியைத் தனியாளாகக் கண்டுபிடித்துவிட்டேன் என்ற பெருமை ஒரு பக்கம். அவர்களுக்குத் தெரிந்தால் என் கதி என்ன என்ற கிலி மறுபக்கம். அதிலும் டிரஸ்ஸர் மாணிக்கம் ஐயா. தோட்டத்தில் எல்லோருக்கும் ஊசி போடும் கை அவருடையதுதான்.

ஏட்டைப் படித்துவிட்டுத் துரை வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு விசாரணை வைத்தார். அன்று காலை மூன்று கடிதங்கள் டைப் அடிக்கச் சொன்னார். வேலை நீக்கம். வீட்டைக் காலி செய்ய ஒரு வாரம். பெயரை நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. மூன்றாவது கடிதத்தை அடிக்கும்போது என் விரல்கள் தப்புத் தப்பாகப் பதிந்தன. நான்கு தாள் வீணானது.

மத்தியானம் வழக்கம்போல மழை, இடி. இரண்டரை மணிக்கு நான் பெட்டிக்கு முன்னால் போனபோது அதன் பின்பக்கத்திலிருந்து இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. வயர்மேன் சாமிக்கண்ணு அண்ணன்.

“என்னண்ணே பண்றீங்க?”

“பங்களா வயர மாத்துறேன்லா. இடி விழுந்தா இந்த ஓட்டையெல்லாம் எரிஞ்சு போவுது. அஞ்சுல இருந்து எடுத்து ரெண்டுல சொருவுறேன்.”

“பங்களா ஒண்ணாம் நம்பர்தானேண்ணே?”

“ஒண்ணா? அது எரிஞ்சு மாசமாச்சு தம்பி. மூணுல போட்டேன், ஈரம் ஏறிடுச்சு. அப்பறம் ஏழுல போட்டேன். போன வெள்ளிக்கெழம அஞ்சுல.”

நான் பட்டியலைப் பார்த்தேன்.

“அப்ப ஆல? ஆஸ்பத்திரி?”

“அதது காலியா இருக்குற ஓட்டையில கெடக்கும். ஏன்?”

“யாருகிட்டயாவது சொன்னீங்களா?”

“யாரு கேட்டா? முன்னாடி இந்தப் பெட்டியப் பாத்துக்கிட்ட மேரியக்கா நம்பரப் பாத்துச்சா? அலோன்னு சொன்னாப் போதும், கொரல வச்சே ஆளக் கண்டுபுடிச்சிரும்.”

மேரியக்கா ஓய்வு பெற்றுப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. நான் குரலைக் கேட்கவே இல்லை. படித்தவன் அல்லவா, எண்ணை நம்பினேன். மூன்று, ஏழு, ஐந்து, மூன்றுமே ஒரே போன். அதை மூன்று மணிக்கு எடுத்தவர், அடுத்த நிமிடமே “அறுந்துடுச்சா?” என்று என்னைக் கேட்டவர். நான் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஓடிப்போய்த் துரையிடம் சொல்லியிருக்கலாம். அரை மணி நேரம் இருந்தது. சொல்லவில்லை.

மூன்று மணிக்கு மூன்று பேரும் வந்து நின்றார்கள். டீமேக்கர் முகம் சிவந்திருந்தது. கண்டக்டர் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். டிரஸ்ஸர் மாணிக்கம் ஐயா வெள்ளைச் சட்டையோடு, மருந்து வாசனையோடு வந்திருந்தார்.

“இப்ப அனுப்பு,” என்றார் துரை என்னிடம்.

அனுப்பினேன். மோடம் கீச்சிட்டது, இரைந்தது. பத்து நிமிடம் எல்லோரும் அந்தத் தட்டைப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஆண்டவனே, இன்றைக்காவது அறுந்து தொலையட்டுமே என்று வேண்டிக்கொண்டேன். அறுபடவில்லை. மூன்று வாரத்தில் இல்லாத அழகாக, முழுசாகப் போய்ச் சேர்ந்தது.

துரை மெதுவாகத் தலையாட்டினார்.

“பாத்தீங்களா? நீங்க மூணு பேரும் இங்க நிக்கிறீங்க. இன்னிக்கு லைன் அறுபடல. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?”

“துரை, நான் ஆஸ்பத்திரியில போன் எடுத்தேன்னா எவனோ உயிருக்குப் போராடுறான்னு அர்த்தம்,” என்றார் டிரஸ்ஸர். “மூணு வாரமா யாருக்கும் அப்படி ஆவல. நான் போனத் தொடவே இல்ல.”

“ஏட்டுல ஏழாம் நம்பர்னு இருக்கு. ஏழு நீங்கதான்.”

துரை பேனாவின் மூடியைத் திருகினார். டிரஸ்ஸர் மேசையில் கிடந்த கடிதத்தைப் பார்த்தார். கோபப்படுவார், கத்துவார் என்று எதிர்பார்த்தேன்.

“ஒரே ஒரு ஒதவி துரை. எம்மக யூனிவர்சிட்டி போறதுக்கு ஆறாம் படிவப் பரீட்ச எழுதப் போறா. அது முடியற வரைக்கும் வீட்ட மட்டும் விட்டுவைங்க.”

வாயைத் திறந்தால் நான் இறங்க வேண்டும். திறக்காவிட்டால் அவர்கள் இறங்குவார்கள். என் வாழ்க்கையில் எனக்குத் தைரியம் வந்த நாள் அது என்று எழுத ஆசைதான். உண்மை என்னவென்றால், அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்கு இருந்த பயம் துரையிடம் இருந்த பயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகிவிட்டது, அவ்வளவுதான்.

“துரை... மூணு பேரு இல்ல, துரை.”

“என்ன?”

“இங்க... நாலு பேரு இருக்கீங்க.”

துரை அறையைச் சுற்றிப் பார்த்தார். டீமேக்கர், டிரஸ்ஸர், கண்டக்டர் என்று உண்மையாகவே எண்ணினார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நீயா?”

“இல்ல துரை.” எனக்குக் குரல் பெண்குரலாகிவிட்டது. “பங்களா. நம்பரு மாறிக்கிட்டே இருந்திருக்கு துரை. மூணு, ஏழு, அஞ்சு, எல்லாமே பங்களாதான். வயர்மேன் அண்ணன் வெளியதான் இருக்காரு.”

சாமிக்கண்ணு அண்ணன் வந்து, தொண்டையைச் செருமி, எந்த ஓட்டை என்றைக்கு எரிந்தது என்று ஒப்பித்தார். துரை ஏட்டைப் புரட்டினார். ஒவ்வொரு தேதியும் ஒட்டிக்கொண்டு வந்தது. நல்லவேளையாகவோ கெட்டவேளையாகவோ என் கையெழுத்து மிகத் தெளிவாக இருக்கும்.

“நான் பேசலையே,” என்றார் துரை கடைசியில். “சாப்புட்டுட்டு மூணு மணிக்கு எடுத்துக் காதுல வப்பேன். ஒழுங்காப் போகுதா இல்லையான்னு கேக்கத்தான செஞ்சேன்.”

கண்டக்டருக்கு எங்கிருந்தோ இருமல் வந்தது. தொப்பியால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். மற்ற இருவருக்கும் கூடத் தொற்றிக்கொள்ளும் போலிருந்தது. துரை மூன்று கடிதங்களையும் மடித்து மேசை இழுப்பறையில் போட்டு மூடினார். யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. துரைமார் கேட்பதில்லை.

“நீ திங்கக்கெழமையில இருந்து வயர்மேன் கூடப் போ,” என்றார் என்னிடம், மிக மெதுவாக. அடுத்த ஒரு வருடம் நான் ஏணியைச் சுமந்தேன். இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் படுக்கிற ஆளைக் கம்பத்தில் ஏற்றினார்கள்.

அன்று சாயங்காலம் மன்னிப்புக் கேட்க டிரஸ்ஸர் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்றுவிட்டேன். நான் காலையில் டைப் அடித்த கடிதத்தின் சேதி, கடிதத்துக்கு முன்பே மலை முழுக்கப் போய்விட்டிருக்கிறது. பானை சட்டிகளெல்லாம் அரிசிச் சாக்கில் கட்டியாகிவிட்டது. சாமிப் படங்களைச் சேலையில் சுற்றி வைத்திருந்தார்கள். ஜன்னலில் திரை இல்லை. அதையெல்லாம் பார்த்ததும் நான் யோசித்து வைத்திருந்த மன்னிப்பு வசனம் முழுக்க மறந்துவிட்டது. கை கூப்பிக்கொண்டு அழுதேன்.

டிரஸ்ஸரின் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தார்.

“எங்க வூட்டப் பட்டியல்ல போட்ட தம்பி நீதானா?”

“ஆமாம்மா.”

“அழுதா ஆச்சா? வா, வந்து அவுத்து வையி.”

இருட்டும் வரை அவிழ்த்தேன். அந்த வீட்டில் எத்தனை டம்ளர், எத்தனை கரண்டி என்று இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். ஒரு மூட்டையின்மேல் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த அவர்கள் மகள் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: “அந்தச் சட்டி மேல்தட்டுல. அடுத்த தடவ நம்பர் மாதிரி தட்டும் மாறியிருக்கலாம். ஒரு வார்த்த கேட்டுட்டு வையுங்க.”

டிரஸ்ஸர் மட்டும் என்னை ஒரு சொல்கூடக் குறை சொல்லவில்லை. என் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, “பயத்துல காய்ச்சலே வந்துருச்சு இவனுக்கு,” என்று ஓர் ஊசி போட்டார். வலித்தது. பட வேண்டியதுதான் என்று வாங்கிக்கொண்டேன்.

அவருடைய மகள் பரீட்சையில் தேறினாள், டீச்சரானாள், ஆறு வருடம் கழித்து என் தலையெழுத்தோடு தன் தலையெழுத்தையும் சேர்த்துக்கொண்டாள். கல்யாணத்தில் என் மாமனார் மேடையேறி, “என்னைய வீட்ட விட்டுத் தொரத்தப் பாத்த பையனுக்குத்தான் பொண்ணு குடுக்குறேன். இனிமே எங்க தொரத்துவான்?” என்றார். பந்தலே சிரித்தது.

மாமனார் இப்போது இல்லை. மாமியார் இருக்கிறார். போன் செய்தால் இன்றுவரை தன் பெயரைச் சொன்னதில்லை.

“ஏழாம் நம்பரு பேசுறேன் மாப்ள. மூட்ட கட்டணுமா, வேணாமா?”

“வேணாம் அத்தை,” என்பேன். அந்தப் பக்கம் அவர் சிரித்து முடிக்கும்வரை போனை வைக்க எனக்குத் தைரியம் வராது.