சிவப்பு வட்டம் போட்ட இருபத்து மூன்று மரங்கள்

டன்கரி தோட்டம், கீழ்ப்பிரிவு,
கந்தப்பளை.
2026 மார்ச் 15, ஞாயிறு, பிற்பகல் 4.20.
சரிவில் நிற்கும் மரங்கள் 41. சிவப்பு வட்டம் போடப்பட்டவை 23. இந்த நிமிடம் வட்டத்தோடு நிற்பவை 0.

மதிப்புக்குரிய யோகேஸ்வரன் மாமா அவர்களுக்கு,

தங்கை மகன் துஷாந்த் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் சுகம். நீங்களும் சுகமாக இருப்பதை முகநூலில் கண்டேன். ஒரு மரக்கன்றை ஏழு பேர் பிடித்துக்கொண்டு நிற்கிற படத்தில் நடுவில் நிற்கிறீர்கள். ஒரு கன்றுக்கு ஏழு பேர் எதற்கு என்று கேட்க வரவில்லை. வளர்ந்து நிற்கிற மரங்களைப் பற்றித்தான் கேட்க வந்தேன். நீங்கள் எனக்குத் தாய்மாமன், காது குத்தும்போது மடியில் வைத்திருந்தவர். அதோடு எங்கள் வட்டாரத்துப் பிரதேச சபை உறுப்பினர். மடியில் வைத்திருந்தவருக்கு வணக்கம் சொல்லியாகிவிட்டது. இனி எழுதுவதெல்லாம் உறுப்பினருக்கு.

வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாமே என்பீர்கள். நீலக் கோடு விழாமலே படிக்கிற வித்தை உங்களிடம் இருக்கிறது. ஃபோன் எடுத்தால் 'மீட்டிங்' என்று ஒரு மெசேஜ் வரும். ஆகையால் பதிவுத் தபால். கையெழுத்துப் போட்டு வாங்கிய பிறகு கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது.

விஷயம் இதுதான். பத்துக் குடும்பம் பத்துக் காம்பிராவில் வரிசையாகக் குடியிருக்கிற எங்கள் லயத்துக்கு நேர் மேலே இருக்கிற சரிவில் சவுக்கும் டர்பன்டைனுமாக நாற்பத்தொரு மரம் நிற்கிறது, அடியில் நெடுகக் காட்டுச் சூரியகாந்தி வேலி. சரிவு முப்பத்தெட்டுப் பாகை, நானே அளந்தேன், ஹட்டனில் சிவில் டிப்ளோமா படித்தவன் என்பதால் இதை யாரிடமும் கேட்டு எழுத வேண்டியதில்லை. அந்த மேட்டில்தான் உங்கள் சபை உல்லாசப் பயணிகளுக்குக் காட்சி மேடையும் வான் வண்டி நிறுத்துமிடமும் கட்டப்போகிறது. ஜனவரியில் சபை மண்டபத்தில் தொங்கவிட்ட அபிவிருத்தி வரைபடத்தைப் போய்ப் பார்த்தேன். வான் நிறுத்துமிடத்தில் வான்கூட வரைந்திருந்தார்கள், மரம் ஒன்றுகூட இல்லை, லயமும் இல்லை. மழைக்கு இறங்குகிற மண் வரைபடத்தைப் பார்த்து, இங்கே லயம் இல்லை போலிருக்கிறது என்று திரும்பிப் போய்விடுமா? இதைத்தான் பொங்கலன்று உங்கள் வீட்டில் வைத்துச் சொன்னேன். எந்தெந்த மரம் மண்ணைப் பிடித்திருக்கிறது, எது போனால் எந்தக் காம்பிரா போகும் என்று மேசையில் முறுக்கை அடுக்கிக் காட்டினேன். நீங்கள் 'ம்', 'ம்' என்று கேட்டுக்கொண்டே மரங்களைத் தின்றுவிட்டீர்கள். கடைசியில், "நீ கூட்டத்துக்கெல்லாம் வராத மருமகனே, நான் பாத்துக்கிறேன்" என்றீர்கள். எங்கள் லயத்துத் தண்ணீர்க் குழாயையும் இப்படித்தான் பார்த்துக்கொண்டீர்கள். இன்றைக்கும் அதை எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம், தண்ணீர் வரவில்லை.

போன வியாழக்கிழமை, லயத்து ஆட்களெல்லாம் மலையில் கொழுந்து பறிக்கப் போயிருந்த நேரமாகப் பார்த்து ஒரு த்ரீவீல் வந்திருக்கிறது. இரண்டு பேர் இறங்கி, ஒரு டின் சிவப்புப் பெயின்டோடு சரிவில் ஏறி, இருபத்து மூன்று மரத்தில் வட்டம் போட்டு, வேலி நெடுகச் சிவப்பு ரிபனும் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். காய்ச்சலென்று காம்பிராவில் படுத்திருந்த பக்கத்து வீட்டு சூசைரட்ணம் அண்ணன் மட்டும் எழுந்து வந்து "என்னாங்க இது?" என்று கேட்டதற்கு, "சபை வேலை" என்றார்களாம். வேறு பேச்சில்லை. நல்லது செய்ய வந்தவன் ஏன் இவ்வளவு சுருக்கமாகப் பேசுகிறான்?

தோட்டத்தில் மரத்துக்குப் பெயின்ட் பட்டால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நானுஓயாவில் மாடி வீடு கட்டினாலும் நீங்களும் லயத்தில் பிறந்தவர்தான். பெயின்ட் பட்ட மரம் தேயிலை ஸ்டோர் அடுப்புக்குப் போகிற மரம். இன்று பெயின்ட், நாளை மரம் அறுக்கிற வாள், நாளை மறுநாள் லொறி. அடிமரம் தோட்டத்துக்கு, கொப்பு விறகுக்கு, முதலில் துணி கட்டினவருக்கு. அன்று நான் வேலை முடிந்து வருகிறேன், மூன்றாம் காம்பிரா வினோதா அக்கா பழைய சேலையைக் கிழித்து மரம் மரமாகக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

"அக்கா, என்னா செய்றீங்க?"

"கொப்பு பிடிக்கிறேன் தம்பி. உங்கம்மாவுக்கும் ரெண்டு பிடிச்சு வச்சிருக்கேன், பயப்படாத."

"மரம் போச்சுன்னா மண்ணு வரும்க்கா. நேரா உங்க கூரைக்குத்தான் வரும்."

"வரும்தான். அதுக்குன்னு வெறக விட முடியுமா? மண்ணு வர்ற அன்னிக்கும் சோறாக்கணும்ல?"

இந்த வாதத்துக்கு டிப்ளோமாவில் பதில் சொல்லித்தரவில்லை.

பிறகு நான் தனியாகப் போய்ப் பார்த்தேன். பார்க்கப் பார்க்கச் சந்தேகம் கூடியது. மேலே பாதையோரம் நிற்கிற நோஞ்சான் மரம் பதினெட்டையும் தொடவில்லை. சரிவின் விளிம்பில் வேர் விட்டு மண்ணை இறுக்கிப் பிடித்திருக்கிற கனத்த மரங்களை மட்டும் பார்த்துப் பார்த்து வட்டம் போட்டிருக்கிறார்கள். பெயின்ட் டின் தூக்கி வந்த இரண்டு பேருக்கு இவ்வளவு சரியாக எப்படித் தெரியும்? நானே உட்கார்ந்து பொறுக்கியிருந்தாலும் இதைவிடத் திறமாகப் பொறுக்கியிருக்க முடியாது. ஆக இதற்குப் பின்னால் விவரம் தெரிந்த ஆள் ஒருவர் இருக்கிறார். அந்த ஆள் யார் என்று யோசித்தேன். கோபப்படாமல் கேளுங்கள் மாமா. அந்தச் சிவப்பும் உங்கள் வீட்டு கேட்டுக்கு மாசியில் அடித்த சிவப்பும் ஒரே சிவப்பு. உங்கள் மேல்மாடிக்கு இன்னும் கூரை ஏறவில்லை, கைமரம் வேண்டும். கூட்டத்துக்கு என்னை வரவேண்டாம் என்றது நீங்கள். கடைசியாக, வெள்ளிக்கிழமை காலையில் எனக்கு நீங்கள் அனுப்பிய காலை வணக்கப் படத்தில் ஒரு மரம் இருந்தது. அதன் அடியில் 'பொறுமை' என்று எழுதியிருந்தது. எதற்குப் பொறுமை? லொறி வரும்வரைக்குமா?

அம்மாவிடம் சொன்னேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர் தலை தூக்கவில்லை.

"எங்கண்ணன அப்புடிப் பேசாதடா. அது வாயில்லாத ஆளு."

"வாயில்லாமத்தான் ஓட்டு கேட்டு வீடு வீடா வந்தாரா?"

"நீ படிச்சதே அது வாங்கித்தந்த கல்குலேட்டர்லதான். மறந்துறாத."

மறக்கவில்லை. அந்தக் கல்குலேட்டரில்தான் உங்கள் மேல்மாடிக்கு எத்தனை கைமரம் வேண்டும் என்று கணக்குப் பார்த்தேன். இருபத்து மூன்று மரம் தாராளமாகப் போதும்.

ஆகவே இன்று காலை லயமே சரிவில் ஏறியது. முன்னால் நிற்கிற ஆள் தெரியாத மூடுபனி, வேலைக்கு வசதி. வட்டம் இல்லாவிட்டால் வாள்காரனுக்கு எது வெட்டு மரம் என்று தெரியாது, அதுதான் என் திட்டம். சூசைரட்ணம் அண்ணன் மண்ணெண்ணெய் தந்தார், அதோடு ஒரு யோசனையும் தந்தார்: அழித்தால் மட்டும் போதாது, முன்மரத்தில் அந்தோனியார் படம் ஒன்றை மாட்டுவோம், எவனும் வாளை வைக்கமாட்டான். வினோதா அக்கா விடவில்லை. "அந்தோனியாரு சாதுங்க அண்ணே, மன்னிச்சு விட்டுருவாரு. முனியாண்டிய வைங்க, வாளோட ஆளையும் பாத்துக்கும்" என்றார். இருவரும் கால் மணி நேரம் வாதாடினார்கள். என் படிப்பில் இரண்டு பேருமே இல்லை என்று சொல்லி, ஆளுக்கொரு கம்பித் தூரிகையைக் கையில் கொடுத்தேன். தேய்த்தோம். கேவலமான பெயின்டாக இருக்கும், சபை வாங்கியதுதானே என்று நினைத்தேன். மாமா, சபை வாழ்நாளில் வாங்கிய நல்ல பொருள் அது ஒன்றுதான். பட்டையோடு சேர்த்துச் சுரண்டவேண்டி வந்தது. துணி போதாமல் அம்மாவின் புதுத் துவாய் போனது, அதற்காக எனக்கு மத்தியானம் குழம்பில்லை. மரத்திலிருந்த சிவப்பெல்லாம் ஆட்களுக்கு மாறியது. சூசைரட்ணம் அண்ணன் அப்படியே பூசைக்குப் போக, யார் அடித்தது, பொலிசில் சொன்னீர்களா என்று பாதர் கேட்டாராம். அடி விழவில்லை பாதர், அபிவிருத்தி என்று இவர் சொன்னாராம். வேலியில் கட்டியிருந்த ரிபனை வினோதா அக்கா வீணாக்கவில்லை. லயத்துப் பெண்பிள்ளைகள் எல்லார் தலையிலும் இப்போது பிரதேச சபைதான் பூப்போல நிற்கிறது.

முடிவாகச் சொல்கிறேன். இனி எந்த மரம் வெட்டு மரம் என்று உங்கள் ஆட்களுக்குத் தெரியாது. மீண்டும் பெயின்டோடு வந்தால் மீண்டும் அழிப்போம், மண்ணெண்ணெய் இருக்கிறது. உங்கள் மேல்மாடிக்கு இரும்புக் குழாய் போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் அம்மா படுக்கிற இடத்துக்கு மேலே நிற்கிற மரத்தை விட்டுவிடுங்கள். அவர் உங்களுக்கு ஒரே தங்கை.

அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லவும், அவர் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. நிலக்ஷிக்கு இப்போதைக்கு ஒன்றும் சொல்லவேண்டாம், மகளென்பதால் அவள் எந்தப் பக்கம் என்று உறுதியாகவில்லை. உங்களுக்குக் கடவுள் நீண்ட ஆயுளையும் நல்ல புத்தியையும் தருவாராக. இரண்டாவதை முதலில் தந்தால் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்,
அ. துஷாந்த்

பி.கு. (திங்கள் காலை)

தபால் கந்தோருக்குப் போக இறங்கினேன். லயத்து வாசலில் சபையின் தொழில்நுட்ப அலுவலர் நிற்கிறார், பெயர் டிலுக்ஷி. சரிவை மேலும் கீழுமாகப் பார்க்கிறார்.

"அண்ணன், இங்க செவப்பு வட்டம் போட்ட மரமெல்லாம் எங்க?"

"அழிச்சாச்சு மிஸ். ஒண்ணையும் வெட்ட விடமாட்டோம்."

அவர் தலையில் கைவைத்துக்கொண்டு ஈரப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ, அது வெட்டக்கூடாத மரங்க! வட்டம் இருக்கிறத விட்டுட்டு, இல்லாதத வெட்டத்தான் ஓர்டர். புதன்கெழம மெஷின் வருது. மெஷின்காரன் வரைபடமெல்லாம் பாக்கமாட்டான், வட்டத்தத்தான் பாப்பான்."

"வெட்டக்கூடாத மரத்துக்கு எவனாவது செவப்பு அடிப்பானா?"

"சபை ஸ்டோர்ஸ்ல பச்சப் பெயின்ட் முடிஞ்சுபோச்சு. பஸ் நிறுத்தத்துக்கு அடிச்ச செவப்புதான் மிச்சம் இருந்திச்சு."

எந்த மரம் நிற்க வேண்டும் என்று யார் சொன்னது என்று கேட்டேன். அப்போதும் ஒரு சந்தேகத்தில்தான் கேட்டேன்.

"உங்க மாமாதான். மூணு கூட்டம் சண்ட பிடிச்சாரு. டீக்கு வச்ச பிஸ்கட்ட மேசையில அடுக்கி, இது போனா இந்தக் காம்பிரா போகும்னு காட்டினாரு. தலைமை நாற்காலியில இருந்த தவிசாளர் ஒரு பிஸ்கட்ட எடுத்துச் சாப்பிடப் போனப்ப கையத் தட்டிவிட்டாரு. லயத்தையும் வேலியையும் வரைபடத்துல போட வச்சதும் அவருதான். மருமகன் சிவில் படிச்சவன், அவன் சொன்னது தப்பாதுன்னாரு."

"அப்ப என்னய ஏன் கூட்டத்துக்கு வரவேணாம்னாரு?"

"நீங்க வந்து வாயத் தொறந்தா சேந்த ஓட்டும் கலஞ்சிடும்னாரு."

உடனே உங்களுக்கு ஃபோன் செய்தேன். 'மீட்டிங்' என்று மெசேஜ் வந்தது. இந்த முறை நம்பினேன்.

புதன்கிழமைக்குள் நேரமில்லை. ஆகவே நான் செய்யப்போவது:

1. பதிவுத் தபால் ரத்து. அம்மா இன்று மூன்றரை பஸ்ஸில் கடிதத்தைக் கையோடு கொண்டுவருகிறார். இந்தப் பக்கத்தை மேலே வைத்திருக்கிறேன். கீழே இருக்கிற பக்கங்கள் அத்தையின் அடுப்புக்கு.

2. உங்கள் கேட்டுக்கு அடித்த சிவப்பில் மிச்சம் இருக்கும். ஒரே சிவப்பு என்று கடிதத்தில் நானே எழுதியிருக்கிறேன். அம்மாவிடம் கொடுத்தனுப்பவும். ஒரு துவாயும் வாங்கிக் கொடுக்கவும்.

3. பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் வாசலில் நின்று பிள்ளைகள் தலையிலிருந்து ரிபனை அவிழ்த்து வேலியில் கட்டுவேன். வினோதா அக்கா கூடவே நிற்பார், இல்லாவிட்டால் எனக்கு அடி விழும்.

4. அதே வினோதா அக்காவிடம் கொப்பெல்லாம் ரத்து என்று சொல்வேன். இதை ஹெல்மெட் போட்டுக்கொண்டு சொல்வேன்.

5. செவ்வாய் காலை வட்டம் போடுவேன். எந்த இருபத்து மூன்று என்று காட்டட்டுமா என்று டிலுக்ஷி மிஸ் கேட்டார். வேண்டாம், எனக்கே தெரியும் என்றேன்.

6. நாற்பத்தொன்றுக்கும் போடுவேன். பாதையோரத்துப் பதினெட்டையும் நோஞ்சான் என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். கிட்டப் போய்ப் பார்த்தேன், நன்றாகத்தான் நிற்கின்றன. அப்படியானால் வானை எங்கே நிறுத்துவது என்று சபையில் கேட்பார்கள். அதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் மாமா.