செத்த வீட்டில் ஒரு ரொக் பாட்டு

எனக்கு ஆங்கிலப் பாட்டு விளங்காது. இன்றைக்கும் விளங்காது. விளங்காததை விளங்கினதுபோலத் தலையாட்டுவதில் மட்டும் நல்ல தேர்ச்சி. (அந்தத் தேர்ச்சி இல்லாதிருந்தால் ஆக்லாந்தில் நாற்பது பேருடைய சனிக்கிழமை நாசமாகியிராது.)

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் நியூசிலாந்துக்கு வந்து பதினொரு மாதம். ஆக்லாந்தின் மேற்கே ரானுயியில் சிவம் அண்ணை வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். விடிய ரயில் ஏறி, பஸ் மாறி, ஒனிஹங்காவில் ஒரு அட்டைப்பெட்டித் தொழிற்சாலைக்குப் போவேன். பின்னேரம் வந்து சோறும் பருப்பும் காய்ச்சித் தின்றுவிட்டுப் படுப்பேன். சிவம் அண்ணையும் மனைவி தேவி அக்காவும் நல்ல சனம்தான், ஆனால் இரண்டு பேருக்கும் மாறி மாறி ஷிப்ட். சில நாட்களில் நான் வாய் திறந்து கதைத்த ஒரே ஆள் பஸ் சாரதி. அவரோடும் 'தாங்க் யூ' மட்டும்தான். குரல் இன்னும் இருக்கிறதா என்று பார்க்க, குளிக்கும்போது பதினாறாம் வாய்ப்பாடு சொல்லிப் பார்ப்பேன்.

இதைவிடப் பெரிய பாரம் ஒன்று இருந்தது. சண்டையில் யாழ்ப்பாணத்திலிருந்து சனம் இடம்பெயர்ந்த பிறகு அம்மாவிடமிருந்து கடிதம் இல்லை. ஏழு மாதம். டொரொன்டோவில் இருந்த அண்ணனுக்கும் இல்லை. நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. தேவி அக்காவுக்கு மட்டும் தெரியும். தபால் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போவார்.

தொழிற்சாலையில் பக்கத்து மெஷினில் நின்றவன் கிரெக். இடுப்பு வரை தலைமயிர். ஒருநாள் ஏதோ கேட்டான், நான் வழக்கம்போலத் தலையாட்டினேன். அடுத்த நாள் ஒரு கசெட்டைக் கொண்டுவந்து கையில் வைத்தான். அவனுடைய உயிரான ரொக் அல்பமாம். "முதலிலிருந்து கடைசிவரை கேள். சத்தமாகக் கேள். இடையில் நிறுத்தாதே. திங்கட்கிழமை வந்து எப்படி என்று சொல்லு" என்றான்.

திங்கட்கிழமை வந்து சொல்லு! பதினொரு மாதத்தில் என் அபிப்பிராயத்துக்காக ஒருவன் காத்திருப்பது அதுவே முதல் தடவை. எப்படியாவது அந்தக் கசெட் எனக்குப் பிடித்துப்போக வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்காரர் மரக்கறி வாங்கப் போக, நான் என் அறையில் கசெட் செட்டைப் போட்டுவிட்டுக் கார்ப்பெட்டில் படுத்தேன். முதல் பாட்டு, இரும்பு அலுமாரியைச் சீமெந்துத் தரையில் இழுக்கிற சத்தம். இரண்டாவதில் அலுமாரிச் சொந்தக்காரன் வந்து இழுத்தவனோடு சண்டை பிடித்தான். மூன்றாவதில் செட் பழுது என்றே நினைத்து, பஞ்சில் ஓடிக்கொலோன் தொட்டு உள்ளே துடைத்தேன். சண்டை இன்னும் தெளிவாகக் கேட்டது.

நாலாவது பாட்டில் சத்தமெல்லாம் நின்றது. ஒற்றைக் கம்பி மட்டும் டொங்... டொங்... என்றது. பிறகு அந்த மனிதன் தொண்டை கிழியக் கத்தினான்.

"அம்மா!"

நான் எழும்பி இருந்துவிட்டேன். திரும்பவும் "அம்மா!" வெள்ளைக்காரன்! நல்ல தமிழில்! அது பாட்டே இல்லை, பிள்ளை தாயைக் கூப்பிடுகிற கூப்பாடு. ரீவைன்ட் பண்ணித் திரும்பப் போட்டேன். மூன்றாம் தரம் அவனோடு சேர்ந்து நானும் கத்தினேன். நாலாம் தரம் அவனைவிட நான் பலமாகக் கத்தினேன். ஏழு மாதமும் தொண்டையில் அடைத்துக் கிடந்தது எல்லாம் வெளியே வந்தது. குழறிக் குழறி அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், நல்ல சுகமாக இருந்தது.

கதவில் தட்டினார்கள். செட்டை நிறுத்திவிட்டுத் திறந்தேன். மரக்கறிப் பையோடு தேவி அக்கா. என் முகத்தைப் பார்த்தார்.

"தம்பி... அம்மாவே?"

அட, இவருக்கும் அந்தச் சொல் பிடிபட்டுவிட்டதே! எனக்குச் சந்தோஷத்தில் புளுகம் தாங்கவில்லை.

"ஓம் அக்கா. அம்மாதான்."

பை கீழே விழுந்தது. "ஐயோ என்ரை பிள்ளை!" என்று என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு, அழுதுகொண்டு ஓடினார். எவ்வளவு இளகின மனம், ஒரு பாட்டுக்கே இப்படி அழுகிறாரே என்று நினைத்தேன். (சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.) கதவைச் சாத்திவிட்டு, மரியாதைக்காகச் சத்தத்தைக் குறைத்து, மற்றப் பக்கத்தைப் போட்டேன். அழுத களையில் நித்திரையாகிவிட்டேன்.

இரண்டு மணித்தியாலம் கழித்துத் தேத்தண்ணி போட வெளியே வந்தால், வாசல் முழுக்கச் செருப்பு. ஹோலில் வெள்ளை விரிப்பு. டிவி சுவர்ப் பக்கம் திரும்பி நின்றது. வெள்ளை உடுத்த நாற்பது பேர் நிலத்தில் இருந்தார்கள். செத்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று ஏழெட்டு வீட்டு இடியப்பமும் சொதியும் குசினியில் நிறைந்து கிடந்தது.

முன்பின் தெரியாத ஒரு ஐயா வந்து என் கையைப் பிடித்தார். நான் மெதுவாகக் கேட்டேன்.

"ஆர் ஐயா செத்தது?"

அவருக்கு அழுகை வந்துவிட்டது. "பெடியனுக்குப் புத்தி கலங்கிப்போச்சு" என்று பக்கத்தில் நின்றவருக்குச் சொல்லிவிட்டு, "அழு தம்பி, மனம்விட்டு அழு" என்று முதுகைத் தடவினார்.

"அம்மான்ரை படம் ஒண்டு இருக்கே தம்பி? மாலை போடவேணும்" என்றது இன்னொரு குரல்.

அப்போதுதான் விளங்கியது. அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முதுகில் அந்த ஐயாவின் கை இருந்தது. அன்றைக்கு முன் பதினொரு மாதமாக என்மேல் ஒருவருடைய கையும் பட்டதில்லை. இன்னும் ஐந்து நிமிஷம் இருக்கட்டும் என்று நினைத்தேன். அந்த ஐந்து நிமிஷம் அரை மணித்தியாலமாகி, ஆறு இடியப்பமும் சாப்பிட்டு முடித்தேன்.

அப்போது சிவம் அண்ணை டெலிபோனோடு வந்தார். "டொரொன்டோவுக்கு உன்ரை அண்ணைக்கு அடிச்சிட்டன், ரிங் போகுது. நீயே சொல்லு."

பாய்ந்து போனைப் பறித்து வைத்தேன். "அம்மா சாகேல்லை!"

சொன்ன பிறகுதான் யோசித்தேன். அம்மா சாகவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியாதே.

"அது... அது ஒரு பாட்டு" என்றேன்.

"என்ன பாட்டு?"

செட்டைத் தூக்கிவந்து, படம் வைக்க என்று துடைத்திருந்த ஸ்டூலில் வைத்தேன். வெள்ளை உடுத்த நாற்பது பேர் சம்மணமிட்டு, நாலாவது பாட்டை முழுதாகக் கேட்டார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. கடைசியில் பென்சன் எடுத்து இளைப்பாறிய ஆங்கில வாத்தியார் ஒருவர் தொண்டையைச் செருமினார்.

"ஓம். அம்மா எண்டுதான் சொல்லுறான்."

மூலையில் இருந்த ஒரு ஆச்சி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். "பாவம், அவனுக்கும் கடிதம் வரேல்லைப் போல."

பிறகுதான் சிரிப்பு வெடித்தது. சிலர் ஏசினார்கள். தேவி அக்கா என்னோடு ஒரு கிழமை கதைக்கவில்லை. ஆனால் சாப்பாடு முழுதும் முடிந்தது. செத்த வீட்டிலிருந்து போகும்போது 'போயிட்டு வாறம்' என்று சொல்லக்கூடாது, எழும்பிப் பேசாமல் போகவேண்டும். அன்றைக்கு நாற்பது பேரும் வாசலில் நின்று, என் அம்மாவுக்கு ஒன்றும் வந்துவிடக்கூடாது என்று, வேண்டுமென்றே பலமாகச் சொன்னார்கள்: "போயிட்டு வாறம் தம்பி!"

திங்கட்கிழமை கிரெக்கிடம், நாற்பது பேர் கேட்டோம் என்றேன். என் ஆங்கிலத்தில் ஏதோ பிழை என்று நினைத்துச் சிரித்தான். அந்தப் பாடகன் அம்மாவைக் கூப்பிடவில்லையாம். 'ஐம் அ...' என்று கத்துகிறானாம். நான் ஒரு... நான் ஒரு... என்னவென்று கடைசிவரை சொல்லமாட்டானாம். எனக்கு அதுவும் விளங்கியது.

இரண்டு மாதம் கழித்து, கைமாறிக் கைமாறி, அம்மாவின் கடிதம் வந்தது. நடந்ததை எழுதினேன். பதில் எழுதினார்: "என்ரை செத்த வீட்டுக்கு நாற்பது பேரோ? அப்ப நீ அங்கை தனிய இல்லை. எனக்கு அது போதும்."

இப்போதும் ஆக்லாந்தில் எங்கள் ஆட்கள் கூடினால் இந்தக் கதை வராமல் போகாது. வீட்டில் யாராவது 'அம்மா' என்று கூப்பிட்டால் என் மகள், "ரியலா, சோங்கா?" என்பாள்.

பல வருடம் கழித்து அம்மா உண்மையாகவே போய்ச் சேர்ந்தார். சிவம் அண்ணைக்குத்தான் முதலில் போன் எடுத்தேன். "அண்ணை, அம்மா..." என்றேன். அதற்கு மேல் குரல் வரவில்லை.

"தம்பி," என்றார், பயந்து பயந்து, "பாட்டெண்டு சொல்லடாப்பா."