கொக்குச் சிறகுப் பயிற்சி

ரொட்டி சானாயைப் பிய்த்து, மீன் கறியில் முக்கி, வாய்க்குக் கொண்டுபோன அதே நொடியில்தான் கடை வாசலில் கோகிலனின் வழுக்கைத் தலை பளபளத்தது. சரளாவின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

கோகிலன் யாரோ எவரோ இல்லை. காலமாகிவிட்ட அவள் கணவரின் உடன்பிறந்த தம்பி. ஷா ஆலாமில் குடியிருக்கும் மகள் விமலாவுக்கு ஈப்போவில் ஒரு வேவுக்காரன் உண்டென்றால் அது இந்தக் கொழுந்தன்தான். அண்ணி சந்தைக்குப் போனால் பை நிறையும் முன்பே விமலாவின் கைப்பேசிக்குச் செய்தி போய்விடும்.

போன வாரம்தான் கிளினிக்கில் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "மூணு மாசம் பாப்போம். ரத்தத்துல இனிப்பு நீர் குறையலன்னா இன்சுலின் ஊசிதான்." அதைக் கேட்ட விமலா இன்னும் ஒரு படி மேலே போனாள். "ஊசின்னு ஆயிட்டா உங்களத் தனியா விடமாட்டேம்மா. வீட்டைப் பூட்டிட்டு எங்கூட வந்துடணும். பேச்சே இல்ல."

விமலாவின் வீடு பதினான்காவது மாடி. ஒரு தடவை போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தாள் சரளா. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் ஏர்கோன் பெட்டிகள். லிப்டில் ஏறினால் ஆளுக்கொரு கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். "சாப்டியா?" என்று கேட்க ஒரு நாதி கிடையாது. ஈப்போவில் குப்பை கொட்ட வெளியே வந்தால்கூட நாலு பேரிடம் பேசி முடித்து வீடு திரும்ப அரை மணி ஆகும். ஐம்பத்தெட்டு வயதில் அதை விட்டுப் போக முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

அதனால் தட்டை அடுத்த மேசைக்குத் தள்ளினாள். தேத்தண்ணிக் குவளையையும் தள்ளினாள். முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

"அண்ணி! விடியக்காத்தால இங்க என்ன பண்றீங்க?"

"கடைக்குப் பின்னால படாங்குல உடற்பயிற்சி கிளாஸ் நடக்குது தம்பி. அதுக்கு வந்தேன். குடிக்கத் தண்ணி வாங்கலாம்னு நுழைஞ்சேன்."

எங்கிருந்து வந்தது அந்தக் கிளாஸ் என்று அவளுக்கே தெரியாது. வாயில் வந்துவிட்டது.

கோகிலன் நம்பாமல் பார்த்தான். அதற்குள் ரொட்டிக் கல்லிலிருந்து ஒரு குரல். "கோகிலன் அண்ணே! உங்க ரெண்டு ரொட்டியும் ரெடி! வழக்கம்போல சீனி தூக்கலாப் போட்டிருக்கு!"

கோகிலனின் முகம் சுருங்கியது. வீட்டில் எண்ணெய்ப் போத்தலையே பூட்டி வைக்கிறவள் அவன் மனைவி கலாதேவி.

"எனக்கா? வேற கோகிலனா இருக்கும் லா…" என்றான். "நானும் அந்தக் கிளாஸுக்குத்தான் அண்ணி வந்தேன்."

"அப்படியா? சந்தோஷம். அப்ப முன்னால போங்க தம்பி."

"நீங்க பெரியவங்க. நீங்க முன்னால போங்க."

இரண்டு பேரும் அசையவில்லை. கடைக்கார முகமது இப்ராஹிம், தே தாரேக் தேநீரை இழுத்து ஆற்றிக்கொண்டே இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் சேந்தே போங்களேன்க்கா. கிளாஸ் ஆரம்பிச்சிருக்கும்."

வேறு வழியில்லை. போனார்கள்.

படாங் திடல் வெறிச்சென்று இருந்தால் என்ன சொல்வது? சரளா கண்ணை ஓட்டினாள். தூரத்தில் சுண்ணாம்பு மலைகளின் இடுப்புவரை பனி. புல்லெல்லாம் ஈரம். அப்போது அங்சானா மரத்தடியில் ஓர் உருவத்தைக் கண்டாள். வயதான சீனர் ஒருவர். அரைக்கால் சட்டை, வெள்ளைப் பனியன், அதன்மேல் பொத்தான் போடாத சட்டை. பக்கத்தில் ஒரு பழைய சைக்கிள், அதன் கைப்பிடியில் சிவப்புப் பிளாஸ்டிக் பை.

அவர் இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களை விரித்து, காற்றில் உதறினார். பிறகு சட்டையின் இரு ஓரங்களையும் பிடித்துச் சிறகு மாதிரி விரித்து அடித்தார். விரல் நுனிகளை மூக்கருகே கொண்டுவந்து ஆழமாக மூச்சை இழுத்தார். கடைசியாக உள்ளங்கையைக் குவித்து, 'ஹா…' என்று ஊதி, அதையும் முகர்ந்தார்.

சரளாவுக்கு உயிர் வந்தது. "அந்தா, மாஸ்டர்! ஆரம்பிச்சுட்டாரு!"

இருவரும் ஓடிப்போய் அவர் பின்னால் நின்றுகொண்டார்கள். கைகளை உதறினார்கள். மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். கண்கள் அகல விரிந்தன. ஏதோ சொல்ல வந்தவர், வாயை இறுக மூடிக்கொண்டார்.

"நேரங்கழிச்சு வந்துட்டோம்னு கோவம்" என்று கிசுகிசுத்தாள் சரளா.

மாஸ்டர் கொஞ்ச நேரம் அவர்களையே பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டு, மறுபடி கைகளை உதற ஆரம்பித்தார்.

ஒரு நாள் கூத்து, அத்தோடு முடிந்தது என்றுதான் சரளா நினைத்தாள். ஆனால் கோகிலன் சும்மா இருப்பானா? தான் கடையில் இருந்ததை மறைக்க, பயிற்சியைப் படம் பிடித்து விமலாவுக்கும் கலாதேவிக்கும் அனுப்பினான். அப்படியே தாமான் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிட்டான்.

விமலா போனில் அழாத குறை. "அம்மா, இப்பத்தாம்மா எனக்கு நிம்மதி! தினமும் போங்க. ஒரு நாளும் விடக்கூடாது."

மறுநாள் விடிந்தும் விடியாமலும் வாசலில் கோகிலனின் மோட்டார் சைக்கிள் உறுமியது. "அண்ணி, கிளாஸுக்கு நேரமாச்சு! கலா என்னையும் போகச் சொல்லிட்டா!" அவன் குரலில் அழுகை இருந்தது.

படாங்கில் அவர்களுக்கு முன்பே ஏழெட்டுப் பேர் வந்து நின்றார்கள், காளியம்மா அக்கா தலைமையில். எழுபது வயது. பீடோர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். கோயில் திருவிழாவோ கருமாதியோ, அவர் கரண்டி எடுக்காமல் இந்தத் தாமானில் எதுவும் நடக்காது.

"சரளா, இத்தன நாளா எங்ககிட்ட சொல்லாம நீ மட்டும் வந்திருக்க பாரு!" என்று முதுகில் ஒன்று வைத்தார்.

மரத்தடியில் மாஸ்டர் கைகளை உதறிக்கொண்டிருந்தார். கூட்டத்தைக் கண்டதும் அவர் சட்டையை அடித்த வேகம் கூடியது. பின்னால் அத்தனை பேரும் அடித்தார்கள்.

"இதுக்குப் பேரு என்னாடி?" என்றார் காளியம்மா.

"கொக்குச் சிறகு" என்றாள் சரளா. இதுவும் வாயில் வந்ததுதான்.

"விரல மோந்து பாக்குறது?"

"மூச்சுப் பயிற்சி. விரல் நுனியில இருக்கிற சக்திய உள்ள இழுக்கிறது."

"அப்படித்தான் இருக்கும். மாஸ்டர் வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசுறாரா பாரு. பேசுனா சக்தி போயிடும். பைக்குள்ள ஏதோ மூலிகை வெச்சிருக்காரு, வாசம் வருது. என்ன, அந்த அரைக்கால் சிலுவாரைத்தான் கொஞ்சம் மாத்தலாம். தொடை ரெண்டும் கோழிக்கால் மாதிரி இருக்கு."

"அக்கா, மெதுவா!"

"சீனன்தானே லா. நம்ம பாஷை என்னா தெரியும்?"

மாஸ்டரின் முதுகு லேசாகக் குலுங்கியது. அதுவும் ஒரு பயிற்சி என்று எல்லாரும் முதுகைக் குலுக்கினார்கள்.

சரளா தப்பிக்கப் பார்த்தாள். மூட்டு வலி என்று ஒரு நாள் படுத்துக்கொண்டாள். காளியம்மா தைலப் போத்தலோடு வந்து இறங்கிவிட்டார். பால் வெட்டிய கை. பிடித்து உருவிய உருவலில், வலியே இல்லாத முட்டி நிஜமாகவே வலிக்க ஆரம்பித்தது. "போயிடுச்சுக்கா, போயிடுச்சு!" என்று கத்திக்கொண்டு சரளா படாங்குக்கு ஓடினாள்.

அடுத்து, மாஸ்டரை வைத்தே கிளாஸை நிறுத்தப் பார்த்தாள். "பாவம், வயசானவரு. தினமும் தொந்தரவு குடுக்குறோம். விட்டுடலாமே?"

"நல்லா சொன்ன!" என்றார் காளியம்மா. "நாமதான் அவரக் கவனிச்சுக்கணும்." மறுநாளிலிருந்து மாஸ்டருக்கு ஒரு பிளாஸ்க் நிறைய வெந்தயத் தண்ணீர் வந்தது. காளியம்மா இடுப்பில் கை வைத்து எதிரே நின்றார். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

இரண்டாம் நாள் காலை, பிளாஸ்க் வருவதைக் கண்ட மாஸ்டர் சைக்கிளைக்கூட எடுக்காமல் விறுவிறுவென்று படாங்கின் வாசலை நோக்கி நடந்தார். "இன்னிக்கி நடைப் பயிற்சி!" என்று யாரோ கூவ, கூட்டம் முழுவதும் பின்னால் நடந்தது. மாஸ்டர் திரும்பிப் பார்த்து வேகத்தைக் கூட்டினார். கூட்டமும் கூட்டியது. வாசலில் கோகிலனின் மோட்டார் சைக்கிள் வழியை மறித்து நின்றதால், அவர் திரும்பிப் படாங்கைச் சுற்ற ஆரம்பித்தார். அன்றைக்கு எத்தனை சுற்று என்று யாருக்கும் தெரியாது. சரளாவின் சட்டை பிழிந்தால் சொட்டும். ஆனால் இரவு, பல வருடங்களுக்குப் பிறகு, படுத்ததும் தூங்கிப்போனாள்.

அதிலிருந்து வேக நடையும் கிளாஸில் சேர்ந்துவிட்டது.

முடிந்ததும் மொத்தக் கூட்டமும் இப்ராஹிம் கடைக்குப் போகும். அங்கே ரொட்டி மணக்கும். ஆனால் ஒருவர் கண் மற்றவர் மேல் இருக்கும்போது யாரால் கேட்க முடியும்? சீனியும் பாலும் இல்லாத வெறுந்தேநீரைச் சொல்லிவிட்டு, கல்லில் சுழலும் ரொட்டியை எல்லாரும் ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். மாஸ்டர் மட்டும் கடைப்பக்கமே வரமாட்டார்.

"பாத்தீங்களா, என்னா கட்டுப்பாடு!" என்பார் காளியம்மா.

இப்ராஹிம் குவளைகளை வைத்துவிட்டுச் சிரிப்பார். "ஆமாமாம். அவருகிட்ட கத்துக்க நெறைய இருக்கு."

"என்ன பாய், சிரிக்கிறீங்க?" என்று ஒரு நாள் கேட்டாள் சரளா.

"ஒண்ணுமில்லக்கா. கடைக்காரன் வாயத் தொறந்தா வாடிக்கை போயிடும்."

மூன்று மாதம் ஓடியது. இதற்கிடையில் காளியம்மா அவளைக் கோயில் சமையலுக்கு இழுத்தார், அடுத்த தெருவில் படுத்த படுக்கையாய் இருந்த ஒரு கிழவிக்குச் சோறு கொண்டுபோகச் சொன்னார். கிளாஸில் யார் வரவில்லை என்றாலும் வீடு தேடிப் போய்ப் பார்ப்பது சரளாவின் பொறுப்பாகிவிட்டது. ஒளித்துத் தின்ன அவளுக்கு நேரமே கிடைக்கவில்லை.

கிளினிக் நாள் வந்தது. டாக்டரம்மா தாளைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார். சரளா நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லாக் குறைஞ்சிருக்கே அம்மா! ஊசி வேணாம். இப்படியே போங்க. என்ன செய்றீங்க?"

"கொக்குச் சிறகு" என்றாள் சரளா.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. பதினான்காவது மாடி அவளை விட்டுத் தூரமாய், மேகத்துக்குள் போய்விட்டது.

நிம்மதி மூன்று நாள்கூட நிலைக்கவில்லை. தாமான் சங்கத் தலைவர் தர்மேந்திரன் வீட்டுக்கே வந்துவிட்டார். "ஞாயித்துக்கெழம மண்டபத்துல மூத்தோர் விழா அக்கா. ஒங்க கிளாஸ் மேடையில செஞ்சு காட்டணும். இந்தக் கிளாஸ் எப்படி ஆரம்பிச்சதுன்னு நீங்க பேசணும்."

"நானா? கோகிலன் பேசட்டுமே."

"அவரக் கேட்டா, அண்ணியத்தான் கேக்கணும்ங்கிறாரு லா."

விழாவுக்கு விமலாவும் ஷா ஆலாமிலிருந்து வந்து இறங்கினாள். முன்வரிசையில் உட்கார்ந்து கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, நீங்க பேசுறத முழுசாப் பிடிச்சு எல்லாருக்கும் காட்டப்போறேன்."

ரொட்டிக்காகச் சொன்ன பொய்யென்று தெரிந்தால், 'இனி உங்கள எப்படி நம்பித் தனியா விடுறது?' என்பாள். குறைந்த இனிப்பு நீர்கூடச் சரளாவைக் காப்பாற்றாது.

மேடையில் எல்லாரும் சிறகடித்தார்கள், விரலை முகர்ந்தார்கள், கையில் ஊதிப் பார்த்தார்கள். மண்டபமே எழுந்து நின்று விரலை முகர்ந்தது. கைதட்டல் ஓய்ந்ததும் தர்மேந்திரன் மைக்கைச் சரளாவிடம் நீட்டினார்.

"சொல்லுங்கக்கா. மொத நாளு என்னா நடந்துச்சு?"

சரளா கோகிலனைப் பார்த்தாள். அவன் மண்டபக் கூரையைப் பார்த்தான். விமலா புன்னகையோடு கைப்பேசியை இன்னும் உயர்த்தினாள். பக்கத்தில் மாஸ்டர் நின்றார். இன்றைக்கு முழுக்கால் சட்டை போட்டிருந்தார்.

"எல்லாம் மாஸ்டர்தான்!" என்று சொல்லி, மைக்கை அவர் கையில் திணித்துவிட்டாள். நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கியது மாதிரி இருந்தது. அவர் சீனத்தில் ஏதாவது சொல்வார், எல்லாரும் கைதட்டுவார்கள், முடிந்துபோகும்.

மாஸ்டர் மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

"எல்லாருக்கும் வணக்கங்க. நான் பீடோர் பக்கம் தோட்டத்துல பொறந்தவன். எங்கப்பா அங்க கடை வெச்சிருந்தாரு. தமிழாளுங்க புள்ளைங்களோடதான் வளந்தேன்."

காளியம்மா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"காளியம்மாக்கா, இன்னிக்கி நீட்டு சிலுவார் போட்டிருக்கேன், சரியா?"

"அட கடவுளே!" என்றது கைகளுக்குள்ளிருந்து ஒரு குரல்.

தர்மேந்திரன்தான் முதலில் சமாளித்துக்கொண்டார். "மாஸ்டர், இம்புட்டு நல்லாத் தமிழ் பேசுறீங்க. பின்ன இத்தன நாளா ஏன் வாயே தொறக்கல?"

மாஸ்டர் மூன்றாவது வரிசையை எட்டிப் பார்த்தார். பச்சைச் சட்டை போட்ட சீன அம்மா ஒருவர், ஒன்றும் புரியாமல், பெருமையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"வாயத் தொறந்தா, மரத்தடியில என்னா செய்யிறேன்னு கேப்பீங்களே, அதான். அந்தா, அதுதான் என் வீட்டுக்காரி. அவளுக்குத் தமிழ் தெரியாது, அந்த தைரியத்துல சொல்றேன்" என்றார் மாஸ்டர். "அவ கண்ணுல மண்ணத் தூவிட்டு, இப்ராஹிம் கடை ரொட்டியப் பொட்டலம் வாங்கி மரத்தடியில தின்னுட்டு, கையிலயும் சட்டையிலயும் வாயிலயும் மீன் கறி வாசம் போயிருச்சான்னு ஒதறி ஒதறி மோந்து பாத்துக்கிட்டு நின்னேன் லா; திரும்பிப் பாத்தா, நீங்க ரெண்டு பேரு பின்னால நின்னு அதையே செய்யிறீங்க!"