கதவு எண் இரண்டின் மேன்மை

மின்சாரச் சிக்கனத்தில் மனித குலம் தொட்ட உச்சம் எது என்று ஐக்கிய நாடுகள் சபை என்றைக்காவது என்னைக் கேட்டால், திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் பாபநாசம் அண்ணாச்சி கட்டிய குடியிருப்பில், கீழ்த்தளம், கதவு எண் இரண்டு என்று மூன்று பிரதிகளில் பதில் அனுப்புவேன். நான் அரசு அலுவலகத்தில் எழுத்தர். புகழ்வதானாலும் முறைப்படிதான் புகழ்வேன்.

1993-இல் அந்த வீட்டை ஒத்திக்குப் பிடித்தேன். ஒத்தி ஓர் அற்புதமான ஏற்பாடு. ஒரு லட்சத்தை மொத்தமாகக் கொடுத்துவிட்டால் மூன்று வருடம் வாடகை இல்லை. காலி செய்யும்போது அந்த லட்சம் அப்படியே திரும்பிவிடும். ஒரு கூடம், ஓர் அறை, ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வெளியே வந்துவிட வேண்டிய சமையற்கட்டு. ஆனால் கூடத்தில் கிழக்கே பார்த்த ஜன்னல் இருந்தது. ஆற்றுக் காற்றும் காலை வெயிலும் அதன் வழியே தாராளமாக வந்துகொண்டிருந்தன.

நான்காம் மாதம், ஜன்னலுக்கு எதிரே மூன்று முழம் தள்ளி அஸ்திவாரம் தோண்டினார்கள். அண்ணாச்சி இரண்டாவது கட்டடம் எழுப்புகிறாராம். எந்தப் பணத்தில் என்று கொத்தனாரிடம் விசாரித்தேன். என்னைப் போன்ற ஒத்திக்காரர்களின் பணத்தில்தான். என் ஆயுட்காலச் சேமிப்பு மூன்று மாடி உயரத்துக்கு வளர்வதை என் ஜன்னலிலிருந்தே பார்த்தேன். அதன் பிறகு அந்த ஜன்னலிலிருந்து வேறு எதையும் பார்க்க முடியவில்லை.

அன்று தொடங்கியது கதவு எண் இரண்டின் பொற்காலம். வெயில் இல்லை, ஆகவே சூடு இல்லை, ஆகவே மின்விசிறி வேண்டாம். தோசை மாவு புளிக்க மூன்று நாள் ஆகும் என்பதால் குளிர்சாதனப் பெட்டியும் வேண்டாம். அக்கினி நட்சத்திரத்தில் ஊரே வெந்துகொண்டிருக்க, என் மனைவி ராஜராஜேஸ்வரி கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெண்டைக்காய் நறுக்குவாள். ஒரே ஒரு சிறு குறை, பட்டப்பகலிலும் பல்பு எரிந்தாக வேண்டும். இதை அண்ணாச்சியின் 'மேலான கவனத்துக்கு'க் கொண்டு சென்றேன்.

"பல்பு எத்தனை வாட்டு வே?" என்றார்.

"நாப்பது, அண்ணாச்சி."

"ஃபேன்?"

"அறுபது."

"ஃபேன் ஓடுதா?"

"இல்ல."

"அப்பம் இருவது வாட்டு ஒமக்கு லாபம்லா! இதுக்கு நான்லா ஒம்மகிட்ட காசு கேக்கணும்?"

விஞ்ஞானத்தோடு யாரால் வாதாட முடியும்? வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

1996-இல் மகள் விஜயஸ்ரீக்கு இன்ஜினியரிங் கல்லூரியில் இடம் கிடைத்தது. திங்கட்கிழமைக்குள் பணம் கட்டாவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். ஒத்திக் காலம் முடிந்திருந்தது. பணத்தைக் கேட்டுப் போனேன்.

"ஒம்ம பணமா? அதைத்தான் தெனமும் ஜன்னல் வழியா பாக்கேரே!" என்றார் அண்ணாச்சி. "இங்கன பாரும் வே, நீரு போணும்னா புது ஆளை நீரே கூட்டியாரும். அவன் குடுக்கத நீரு வாங்கிக்கிட்டுப் போவும். எடையில நான் வர மாட்டேன். நமக்கு நாணயம்தான் முக்கியம்."

வீட்டுக்கு வந்து ஒரு 'தகவல் குறிப்பு' தயாரித்தேன். இயற்கைக் குளிரூட்டும் வசதி, வெளிச்சம் கண்ணைக் கூசாத அமைப்பு, மின் கட்டணம் பெயரளவுக்கே என்று எழுத எழுத எனக்கே அந்த வீட்டை விட மனம் வரவில்லை. தரகர் ஒருவர் மூலமாக இசக்கிதுரை அகப்பட்டார். மலையில் தேயிலை எஸ்டேட்டில் முப்பது வருடம் உழைத்து ஓய்வு பெற்றவர். வருங்கால வைப்பு நிதி மொத்தமும் அவரிடம் மஞ்சள் பையில் இருந்தது. லட்சத்தோடு வருபவர் எவராயினும் அவரை நான் அண்ணாச்சி என்றே அழைப்பேன்.

"ஞாயித்துக்கெழமை சரியா பன்னெண்டு மணிக்கு வாங்க, அண்ணாச்சி," என்றேன்.

நேரத்துக்குக் காரணம் உண்டு. இரண்டு கட்டடங்களின் இடுக்கில் நடுப்பகலில் சூரியன் பத்து நிமிடம் எட்டிப்பார்க்கும். அப்போது ஜன்னல் விளிம்பில் இரண்டு கை அகலத்துக்கு வெயில் விழும். அன்று பல்பையும் கழற்றி ஒளித்து வைத்திருந்தேன்.

இசக்கிதுரையும் அவர் மனைவி இசக்கித்தாயும் சரியாக வந்தார்கள். நான் தகவல் குறிப்பை வாசித்தேன். அந்த அம்மாள் காதில் வாங்கவில்லை. நேராக ஜன்னலுக்குப் போய், கோணிப்போன விரல்களை வெயிலில் நீட்டிக்கொண்டு நின்றாள்.

"முப்பது வருசமும் மழையில நின்னு கொழுந்து பறிச்சவ சார்," என்றார் இசக்கிதுரை. "கையில குளிரு ஏறிப்போச்சு. வெயில் அடிக்க வீடாப் பாத்துப் போங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதுக்குத்தான் மலையை விட்டே எறங்குனோம்."

ராஜராஜேஸ்வரி என்னைப் பார்த்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் நான்கு நிமிடம் இருந்தது.

"இந்த வெயிலு எம்புட்டு நேரம் இருக்கும் சார்?" என்று கேட்டாள் இசக்கித்தாய்.

"காலையில வந்தா சாயங்காலம் வரைக்கும் இருக்கும்மா," என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. கொசு வரும் என்று சொல்லி ஜன்னலைச் சாத்திவிட்டு, வாசல் படியில் வைத்தே ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினேன். திங்கட்கிழமை விஜயஸ்ரீ கல்லூரியில் சேர்ந்தாள்.

பாபநாசம் அண்ணாச்சியை ஊரில் பலர் பலவிதமாகப் பேசுகிறார்கள். நான் அவருக்காகச் சாட்சி சொல்லத் தயார். அந்த வீட்டில் வெயில் அடிக்கும் என்று அவர் ஒருநாளும் யாரிடமும் சொன்னதில்லை.